தேங்காயிலிருந்து வந்த நுரைதானே, பிறகு ஏன் இமை அரிக்கிறது?

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 36 வயது வாசகி எழுதியிருக்கிறார். தென்னந்தோப்பு உள்ள குடும்பம். ஒன்றரை வருடமாக வீட்டிலேயே ஷாம்பு செய்து, அக்கம்பக்கத்தாருக்கும் மகளிர் குழுவினருக்கும் மாதம் 40 பாட்டில் வரை விற்கிறார். அவருடைய 1 லிட்டர் கணக்கு இது: செம்பருத்தி இலைச் சாறு 600 மில்லி, கற்றாழைச் சோறு 100 கிராம், கடையில் வாங்கும் கோகோ பீட்டெய்ன் என்ற நுரைத் திரவம் 250 கிராம், கல் உப்பு 30 கிராம், லாவெண்டர் எண்ணெய் 20 மில்லி, கெட்டுப்போகாமல் இருக்க வைட்டமின் ஈ மாத்திரை இரண்டு.

அவருக்கு மூன்று சிக்கல்கள். எவ்வளவு உப்பு போட்டாலும் ஷாம்பு தண்ணீராகவே நிற்கிறது. மூன்றாவது வாரத்தில் புளித்த வாடை வருகிறது, மூடியைத் திறந்தால் ‘டப்’ என்று காற்று வெளியேறுகிறது. வாடிக்கையாளர்களில் ஒரு பெண்ணுக்குத் தலை குளித்து இரண்டு நாள் கழித்து இமை வீங்கி அரிக்கிறது. இப்படி மூன்று முறை ஆகிவிட்டது. “தேங்காயிலிருந்து எடுத்தது அலர்ஜி ஆகாது என்றுதான் நினைத்தேன். சல்ஃபேட் சேர்க்க விருப்பமில்லை. நுரை போதவில்லை என்பதால் பீட்டெய்னை 500 கிராம் ஆக்கலாமா? லேபிளில் ‘கெமிக்கல் இல்லாத 100 சதவீத தேங்காய் ஷாம்பு’ என்று போடலாமா? உத்யம் பதிவு இருக்கிறது, வீட்டில் செய்வதற்கு வேறு லைசென்ஸ் தேவையில்லை என்கிறார் கணவர்” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அளவுகளை இவ்வளவு துல்லியமாக எழுதியனுப்பியதற்கு நன்றி. அதனால்தான் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது. ஆனால் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டில்களை இனி யாருக்கும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் போன் செய்து, வாடை மாறியிருந்தால் ஊற்றிவிடச் சொல்லுங்கள். மூடியைத் திறக்கும்போது காற்று வெளியேறுகிறது என்றால், உள்ளே நுண்ணுயிர்கள் பெருகி வாயுவை விடுகின்றன என்று பொருள். அந்தத் திரவம் கண்ணில் பட்டாலும், சொறிந்து புண்ணான தலையில் பட்டாலும் ஆபத்து. மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

தேங்காய் எதுவரை வருகிறது

நீங்கள் வாங்கும் பீட்டெய்னின் முழுப்பெயர் கோகமிடோபுரோப்பைல் பீட்டெய்ன். கடைகளில் சிஏபிபி என்று கேட்டாலும் கொடுப்பார்கள். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை டைமெத்தில்அமினோபுரோப்பைல்அமீன் என்ற பெட்ரோலிய வழிப் பொருளோடு சூடாக்கிச் சேர்ப்பது முதல் கட்டம். அதில் கிடைப்பது அமிடோஅமீன். அதைத் தண்ணீரில் சோடியம் மோனோகுளோரோஅசிடேட்டோடு வினைப்படுத்தினால் பீட்டெய்ன் உருவாகிறது, கூடவே சாப்பாட்டு உப்பும் உண்டாகிறது. கடைக்கு வரும் இளமஞ்சள் திரவத்தில் உண்மையான பீட்டெய்ன் 30 சதவீதம் அளவுதான். உப்பு 5 சதவீதம் அளவுக்கு இருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணீர். எண்ணெய்ப்பனைக் கொட்டை எண்ணெயிலிருந்தும் இதே பொருளைச் செய்வார்கள் என்பதால், தேங்காய் என்று லேபிளில் எழுதுவதற்கு முன் எந்த எண்ணெய் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆக, தேங்காய் இதன் ஒரு பாதி, நுரைக்கும் வால் பகுதி. தண்ணீரோடு ஒட்டும் தலைப் பகுதி தொழிற்சாலையில் பொருத்தியது. அதனால் இது மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. ஒரே மூலக்கூறில் நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் இருப்பதால்தான் இது தோலோடு மென்மையாக நடந்துகொள்கிறது. உங்கள் ஊர் போர்வெல் உப்புத் தண்ணீரிலும் சோப்பு போலத் திரிந்து வெள்ளைப் படலம் விடாது. நல்ல பொருள்தான். ‘கெமிக்கல் இல்லாதது’ என்று அதன்மேல் எழுதுவதுதான் பொய்யாகிவிடும்.

இமை அரிக்கும் அந்தப் பெண்ணுக்கு

தேங்காய் அலர்ஜியையும் பீட்டெய்ன் அலர்ஜியையும் ஒன்றாக நினைத்துவிட்டீர்கள். தேங்காய் சாப்பிட்டு ஒவ்வாமை வருபவர்களுக்குக் காரணம் தேங்காயின் புரதம். பீட்டெய்னில் புரதம் கிடையாது. பீட்டெய்ன் ஒத்துக்கொள்ளாதவர் தேங்காய்ச் சட்னியைத் தாராளமாகச் சாப்பிடலாம். இங்கே பெரும்பாலும் தொல்லை தருவது, வினை முழுமையாக முடியாமல் மிஞ்சிய அமிடோஅமீனும், முதல் கட்டத்தில் சேர்த்த அந்த டைமெத்தில்அமினோபுரோப்பைல்அமீனும்தான். அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோல் மருத்துவர்கள் சங்கம் 2004-ல் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்ததே இந்தப் பீட்டெய்னைத்தான். நல்ல பொருளிலும் கழிவு மிஞ்சினால் இப்படி ஆகும்.

எரிச்சலுக்கும் ஒவ்வாமைக்கும் வேறுபாடு உண்டு. எரிச்சல் என்றால் போட்ட சில நிமிடங்களிலேயே காந்தும். செறிவு அதிகமானால் யாருக்கும் வரும். ஒவ்வாமை ஒன்றிரண்டு நாள் கழித்துத் தலைகாட்டும், ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்ட உடம்புக்குச் சிறு அளவே போதும். உங்கள் வாடிக்கையாளருக்கு இரண்டு நாள் கழித்து, மூன்று முறையும் அதே இடத்தில் வந்திருப்பது ஒவ்வாமையின் சாயல். தலையில் போட்டது இமையில் வருவது விசித்திரமும் இல்லை. அலசும்போது நுரை வழிந்தோடும் பாதையில் நெற்றியோரம், காது, கழுத்து எல்லாம் இருக்கின்றன. இமைத்தோல் இவற்றில் மிக மெல்லியது, அதனால் அது முதலில் பேசுகிறது.

ஆனால் பீட்டெய்ன்தான் குற்றவாளி என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். லிட்டருக்கு 20 மில்லி லாவெண்டர் எண்ணெய் என்பது 2 சதவீதம். தலை அலசும் பொருளுக்கு அது மிக அதிகம். அந்த எண்ணெயில் உள்ள லினலூல் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அதுவே தெரிந்த ஒவ்வாமைப் பொருள். கெட்டுப்போன ஷாம்புவாலும் இமை வீங்கலாம். அந்தச் சகோதரியிடம் ஷாம்புவை நிறுத்தச் சொல்லி, பாட்டிலையும் நீங்கள் கைப்பட எழுதிய முழுப் பொருள் பட்டியலையும் கொடுத்துத் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் பேட்ச் டெஸ்ட் செய்வார். பீட்டெய்னை 1 சதவீதக் கரைசலாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்தில் எடுத்து, அப்போதும் மூன்றாம் அல்லது நான்காம் நாளிலும் பார்ப்பார்கள். வாசனைப் பொருள்களையும் சேர்த்துச் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டில் முழங்கையில் பீட்டெய்னைத் தடவிப் பார்க்கும் வேலை வேண்டாம். நுரைப்பொருளைக் கழுவாமல் தோலில் மூடி வைத்தால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் சிவக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குளித்த உடனே முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ அது வேறு விஷயம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பீட்டெய்ன்தான் என்று உறுதியானால், அவர் உங்கள் ஷாம்புவைத் தவிர்ப்பது மட்டும் போதாது. ஃபேஸ்வாஷ், கை கழுவும் திரவம், குழந்தை ஷாம்பு, சில பற்பசைகள், கான்டாக்ட் லென்ஸ் கழுவும் நீர் என்று பலவற்றிலும் இது இருக்கிறது. ஒவ்வொரு லேபிளையும் படித்துத்தான் வாங்க வேண்டும். பதிலுக்கு டெசைல் குளுக்கோசைடு என்ற வேறொரு நுரைப்பொருள் வாங்கலாமா என்று கேட்பார். பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் 2017-ல் அதே சங்கம் குளுக்கோசைடுகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது என்பதால், அதையும் டெஸ்ட் செய்துகொண்டு மாறுவது நல்லது.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது, பீட்டெய்ன் வாங்கும்போது அந்தத் தயாரிப்புத் தொகுதியின் ஆய்வுச் சான்றைக் கேட்பது. வியாபாரிகள் சிஓஏ என்பார்கள். அதில் அமிடோஅமீன் மிச்சம் 0.3 சதவீதத்துக்குள் இருக்கிறதா, முதல் கட்டத்தில் சேர்த்த அமீனின் அளவு தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேனிலிருந்து பிரித்து லிட்டர் பாட்டிலில் ஊற்றி விற்பவரிடம் இந்தத் தாள் இருக்காது. அங்கே வாங்காதீர்கள்.

இதனாலேயே பீட்டெய்னை 500 கிராம் ஆக்குவதையும் வேண்டாம் என்கிறேன். மிச்ச அமீனும் அதோடு இரட்டிப்பாகும். உண்மையான பீட்டெய்ன் 15 சதவீதத்துக்குப் போனால் ‘மைல்டு’ என்ற பெயரும் நிற்காது. 30 சதவீதச் சரக்கு நேரடியாகக் கண்ணில் தெறித்தால் கடுமையாகப் பாதிக்கும். அளக்கும்போது கண்ணாடியும் கையுறையும் போடுங்கள்.

ஏன் கெட்டியாகவில்லை, ஏன் புளித்தது

உப்பு போட்டால் கெட்டியாகும் என்பது பாதி உண்மை. நுரைப்பொருள் மூலக்கூறுகள் தண்ணீரில் உருண்டை உருண்டையாகக் கூடியிருக்கும். பீட்டெய்னோடு எஸ்எல்இஎஸ் (சோடியம் லாரெத் சல்ஃபேட்) போன்ற எதிர் மின்சுமை உள்ள நுரைப்பொருள் சேரும்போது இரண்டும் நெருக்கமாக அடுக்கப்பட்டு, உருண்டைகள் நீண்ட புழுக்களைப் போல ஆகிப் பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னல்தான் நீங்கள் கரண்டியில் பார்க்கும் கெட்டித்தன்மை. உப்பு அதை இறுக்கிக் கொடுக்கிறது. தனிப் பீட்டெய்னில் இந்தப் பின்னல் எளிதில் உருவாகாது. உங்கள் 250 கிராமோடு ஏற்கெனவே 12 கிராம் அளவுக்கு உப்பு வந்துவிட்டது, அதன்மேல் 30 கிராம் போட்டும் பலன் இல்லாததற்குக் காரணம் இதுதான். 2 சதவீத வாசனை எண்ணெய் இருக்கிற கொஞ்சப் பின்னலையும் தளர்த்திவிடும்.

புளிப்புக்கு வருவோம். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. செம்பருத்திச் சாறும் கற்றாழையும் சர்க்கரையும் சத்தும் நிறைந்தவை, கிருமிக்கு விருந்து. கொதிக்க வைத்து வடிகட்டினாலும் ஆறி, பாட்டிலுக்குப் போவதற்குள் புதிதாக நுழைந்துவிடும். செம்பருத்தியை விட முடியாது என்றால் ஷாம்புவுக்குள் சேர்க்காதீர்கள். அன்றன்று அரைத்த இலையை ஷாம்புவுக்கு முன் தலையில் தேய்த்துக்கொள்ள வாடிக்கையாளரிடமே சொல்லிவிடுங்கள். பயன் அதில்தான் கூடுதலாக இருக்கும்.

கெட்டுப்போகாமல் தடுக்கும் பொருளான பதப்படுத்தியைச் சேர்த்தாலும், பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறைந்தால் அமிலம் கூடுதல்) சரியாக இல்லாவிட்டால் வீண். சோடியம் பென்சோயேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கிருமியைத் தடுப்பது அமில வடிவத்தில் இருக்கும் பங்கு மட்டும்தான். பிஎச் 5-ல் அந்தப் பங்கு சுமார் 14 சதவீதம். பிஎச் 6-ல் 1.6 சதவீதம். பிஎச் 7-ல் 0.2 சதவீதம்கூட இல்லை. அதே 5 கிராம் பென்சோயேட் ஒரு பாட்டிலைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. பேனா போன்ற பிஎச் மீட்டர் ஒன்று வாங்கி, 4 மற்றும் 7 பஃபர் கரைசல்களில் சரிபார்த்த பிறகு, 10 கிராம் ஷாம்புவை 90 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கலந்து அளவெடுங்கள்.

பழகிப் பார்க்க 1 கிலோ கணக்கு

சல்ஃபேட் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. எஸ்எல்இஎஸ் தனியாக இருக்கும்போது தோலை உறுத்துவது உண்மை. பீட்டெய்னோடு மூன்றுக்கு ஒன்று என்று சேர்ந்தால் இரண்டும் ஒரே உருண்டைக்குள் கட்டுண்டு, தோலுக்குள் தனியாக ஊடுருவும் அளவு குறைகிறது. பீட்டெய்னின் மென்மை பெரும்பாலும் இந்தக் கூட்டணியில்தான் வேலை செய்கிறது. முதலில் இதைக் கைவசப்படுத்துங்கள்.

எஸ்எல்இஎஸ் 70 சதவீதப் பேஸ்ட் 130 கிராம், பீட்டெய்ன் 100 கிராம், கிளிசரின் 20 கிராம், டைசோடியம் இடிடிஏ (நீரிலுள்ள உலோக அயனிகளைக் கட்டுவது) 1 கிராம், சோடியம் பென்சோயேட் 5 கிராம், ஃபீனாக்சிஎத்தனால் (இன்னொரு பதப்படுத்தி) 8 கிராம், காய்ச்சி வடித்த நீர் சுமார் 690 கிராம். மீதி சிட்ரிக் அமிலக் கரைசலுக்கும் உப்புக் கரைசலுக்கும். எல்லாவற்றையும் 0.1 கிராம் காட்டும் தராசில் எடை போடுங்கள், மில்லி வேண்டாம். நுரைக்கும் பொருள் மொத்தம் 12 சதவீதம் வரும், தலைமுடிக்கு அது தாராளம்.

நீரில் இடிடிஏவையும் பென்சோயேட்டையும் கரைத்துவிட்டு, பேஸ்ட்டைச் சிறு சிறு துண்டாகப் போட்டு மெதுவாகக் கிளறுங்கள். பேஸ்ட்டின் மேல் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் ஜெல்லி போல இறுகிக் கட்டியாகிவிடும். தண்ணீர்தான் அதிகமாக இருக்க வேண்டும். கரைய நாலைந்து மணி நேரம் ஆகலாம், இரவு மூடி வைத்தால் காலையில் தெளிந்திருக்கும். மிக்ஸியில் அடிக்காதீர்கள், நுரைதான் மிஞ்சும். தெளிந்த பிறகு பீட்டெய்ன், கிளிசரின், ஃபீனாக்சிஎத்தனால். ஃபீனாக்சிஎத்தனால் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிறகு 20 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை 5.0-க்கும் 5.3-க்கும் நடுவில் நிறுத்துங்கள்.

உப்பு கடைசி. அதுவும் கல் உப்பாக வேண்டாம், தூய உப்பை 20 சதவீதக் கரைசலாக்கி ஒரு முறைக்கு 10 கிராம் விட்டுக் கிளறி, ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். முதலில் மோர் போல ஓடும். பிறகு தோசை மாவு போலக் கரண்டியிலிருந்து பட்டையாக விழும். தேன் போல நூலிழுக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று தொடர்ந்தால் உச்சம் தாண்டி, நீராகாரம் போல மீண்டும் இளகிவிடும். அப்படி ஆனால் உப்பு சேர்க்காத இன்னொரு தொகுதியைக் கலந்துதான் மீட்க முடியும். வாசனை வேண்டுமென்றால் உப்புக்கு முன்பே, 0.3 சதவீதத்துக்குள்.

சல்ஃபேட் இல்லாமல்தான் வேண்டும் என்றால் சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் இருக்கிறது. அதுவும் தேங்காய் வழிப்பொருள்தான், மிக மென்மையானது. ஆனால் குளிர்ந்த நீரில் கரையாது. பீட்டெய்னோடு 70 டிகிரியில் பொறுமையாகக் கரைத்தாலும், ஆறியதும் பால்போல வெளுத்துப் பல நேரம் மணல்மணலாகப் பிரியும். அமிலம் கூடினால் அதுவே மெல்லச் சிதையும், குறைத்தால் பென்சோயேட் வேலை செய்யாது. தூள் மூக்கை உறுத்தும் என்பதால் முகக்கவசமும் தேவை. அனுபவம் வந்த பிறகு தொடுங்கள்.

முடித்த தொகுதியில் இரண்டு பாட்டிலை 40 டிகிரி சூட்டிலும் இரண்டை அறையிலும் மூன்று மாதம் வைத்து, வாரம் ஒருமுறை வாடை, நிறம், பிஎச், கெட்டித்தன்மை ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். கண்ணுக்குத் தெளிவாக இருப்பது சுத்தம் என்பதற்குச் சான்று ஆகாது. ஆய்வகத்தில் நுண்ணுயிர் எண்ணிக்கையும் பதப்படுத்தியின் திறனைப் பார்க்கும் சேலஞ்ச் டெஸ்ட்டும் செய்யத்தான் வேண்டும்.

உரிமமும் லேபிளும்

உங்கள் கணவர் சொல்வது சரியில்லை. உத்யம் பதிவு நீங்கள் சிறுதொழில் செய்பவர் என்பதற்கான அடையாளம் மட்டும். விற்பதற்காக ஷாம்பு தயாரிக்க, 1940-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின் கீழ் உரிமம் கட்டாயம். மாதம் 40 பாட்டில் என்றாலும், மகளிர் குழுவுக்குள் விற்றாலும் அப்படித்தான். 2020-ம் ஆண்டு அழகுப்பொருள்கள் விதிகள்படி சிஓஎஸ்-5 படிவத்தில் மாநில உரிம அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். தயாரிக்கும் இடம் குடியிருக்கும் வீடாகவோ வீட்டோடு இணைந்த அறையாகவோ இருக்கக் கூடாது என்பதுதான் உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய தடை. தோப்பில் தனிக்கட்டடம் எழுப்பும் செலவுக்கு முன், இன்னொரு வழியை யோசியுங்கள். உரிமம் உள்ள தொழிற்சாலையில் உங்கள் கணக்கில் உங்கள் பெயரில் தயாரிப்பதற்கு லோன் லைசென்ஸ் என்று பெயர், அதற்கு சிஓஎஸ்-6 படிவம். உங்கள் அளவுக்கு இதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன். உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரை நேரில் பார்த்து இரண்டையும் கேளுங்கள். அதுவரை விற்பனை வேண்டாம். யாருக்காவது கண் பாதிப்பு ஏற்பட்டு புகார் போனால், உரிமம் இல்லாதது உங்கள் நிலையை மிகவும் மோசமாக்கும்.

லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், நிகர அளவு, எல்லாப் பொருள்களின் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். பட்டியல் அளவில் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக வரும். அந்த இமை அரிப்புச் சகோதரியைப் போன்றவர்களுக்கு அந்தப் பட்டியல் ஒன்றுதான் பாதுகாப்பு. ‘கெமிக்கல் இல்லாத’, ‘100 சதவீத’ இரண்டையும் எடுத்துவிட்டு, சான்று கையில் இருந்தால் ‘தேங்காய் எண்ணெயிலிருந்து பெற்ற நுரைப்பொருள் சேர்த்தது’ என்று எழுதுங்கள். ‘பொடுகைக் குணப்படுத்தும்’, ‘முடி கொட்டுவதை நிறுத்தும்’ என்று எழுதினால் மருந்துக்கான விதிகளுக்குள் போய்விடுவீர்கள்.

புதிய தொகுதி செய்து பார்த்த பின், பிஎச் எவ்வளவு நின்றது, எத்தனை கிராம் உப்புக் கரைசலில் நூலிழுத்தது, மூன்று மாதத்தில் எப்படி மாறியது என்று எழுதியனுப்புங்கள். பீட்டெய்னின் ஆய்வுச் சான்றையும் படம் எடுத்துச் சேர்த்து அனுப்பினால், அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் விளக்குகிறேன்.